காணாமல் போனவர் நேரில் வர வேண்டும்

போன வருடம் எங்கள் குடிநீர்த் துறையிலிருந்து நாற்பத்தொரு பேர் வேலையை விட்டுப் போனார்கள். யாரும் கவலைப்படவில்லை. நாற்பத்திரண்டாவது ஆளாகத் தலைமைப் பொறியாளரின் கார் ஓட்டுநர் போனார். மறுநாளே ஆய்வுக் குழு போட்டுவிட்டார்கள்.

'இடமாற்றமும் ஊதியமும் பணியாளரின் செயல்திறன் மீதும் வெளியேற்றத்தின் மீதும் ஏற்படுத்தும் தாக்கங்களைக் கண்டறியும் உயர்நிலைக் குழு' என்று அதற்குப் பெயர். சுற்றறிக்கையில் இதை ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து 'மேற்படி குழு' என்று போட்டிருந்தார்கள். நாங்களும் மேற்படி என்றே சொல்லிக்கொண்டோம். மேற்படி வருகிறது என்றால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வோம்.

எனக்கு முதல் நாளே சந்தேகம். போனவர்கள் ஏன் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் போனவர்களைத்தானே கேட்க வேண்டும்? அவர்களுடைய வீட்டு முகவரியெல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் துறையில் இல்லாதவர்களோடு துறை கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள விதியில் இடமில்லையாம். ஆகவே, போகாமல் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் ஏன் இன்னும் போகவில்லை என்று விசாரிப்பதாக முடிவாயிற்று.

நான் ஆற்று நிலையத்தில் தண்ணீர் சோதிப்பவன். ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து, வடிகட்டி, கிருமி சாக குளோரின் கலந்து ஊருக்கு அனுப்புகிற நிலையம் அது. காலை ஆறு மணிக்கு சைக்கிளில் கிளம்பி எட்டுத் தெருக்குழாய்களில் தண்ணீர் பிடிப்பேன். கண்ணாடிக் குழாயில் ஊற்றி இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வந்தால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். மஞ்சள் வெளிறினால் ஓடிப்போய் நிலையத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார் அண்ணனிடம் சொல்வேன், அவர் குளோரினைக் கூட்டி விடுவார். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடக் கணக்குக்காக எழுதியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், எனக்கு வேறு பெருமை இல்லை.

என் மனைவி துறைமுக ஊரில் அரசு மருத்துவமனைச் செவிலி. பேருந்தில் பதினோரு மணி நேரம். மகளுக்கு ஆறு வயது, அவளும் அங்கேதான். மாதம் ஒரு முறை, குழாய்களை மோட்டார் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். முதல் அரை மணி நேரம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னைப் பார்ப்பாள். மறுநாள் பழகிப்போய் மடியில் வந்து உட்காரும்போது எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிடும்.

துறைமுக நிலையத்துக்கு மாற்றல் கேட்டு ஐந்து வருடம் எழுதினேன். 'நன்றாக வேலை செய்பவரை எப்படி விடுவது' என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்யாதவர்கள் கேட்டால், 'இவரை அவர்கள் தலையில் கட்டினால் சும்மா இருப்பார்களா' என்று திருப்பி அனுப்புவார்கள். மாற்றல் கேட்காதவர்களுக்கு மட்டும் வருடம் தவறாமல் மாற்றல் வந்தது. அந்த உத்தரவைக் கையில் வாங்கிய கையோடு வேலையை விட்டுப் போனவர்கள்தான் நாற்பத்தொரு பேரில் பாதிப்பேர்.

ஐந்தாம் முறை எனக்கு உத்தரவு வந்தது. துறைமுக நிலையம். மூட்டை கட்டினேன், மகளிடம் போனில் சொன்னேன், எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் இன்னொரு உத்தரவு. மாற்று ஏற்பாடு ஆகும்வரை ஆற்று நிலையத்திலேயே பணியைத் தொடரவும்.

ஆகப் பதவி துறைமுகத்தில், ஆள் ஆற்றங்கரையில். சம்பளம் எங்கிருந்து வரும்? ஆற்று நிலையம் 'அவர் இப்போது எங்கள் ஆள் இல்லை' என்றது. துறைமுக நிலையம் 'அவர் இன்னும் வந்து சேரவே இல்லையே' என்றது. தலைமை அலுவலகச் சம்பளப் பிரிவு எழுத்தர்தான் இரக்கப்பட்டார். எந்தக் கிழிசலையும் ஒட்டிவிடுவார் என்பதால் அவருக்குப் பசை என்று பெயர். மலை நிலையத்தில் ஒரு பதவி வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. அதில் என் பெயரை எழுதி, சம்பளத்தை அங்கிருந்து வரவைத்தார். எங்கள் துறையில் இது சகஜம். பாதிப்பேர் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

மேற்படி குழுவின் தலைவி எங்கள் நிலையத்துக்கு வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"நான் இந்தத் துறைல இருபத்தாறு வருஷமா ஒரே அறைல இருக்கேன். என்னை யாரும் இடம் மாத்தினதே இல்ல. சம்பளத்தைப் பத்தி யோசிச்சதும் இல்ல, அது தானா ஏறிடும். அதனாலதான் இந்த ரெண்டு விஷயத்தையும் என்னால நடுநிலையா பார்க்க முடியுது."

எங்கள் நிலையப் பொறுப்பாளர் முதலில் கை தட்டினார். அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மோட்டார் அண்ணன் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார். மூன்று வருடமாகச் சம்பள உயர்வு இல்லை, அதனால் பதினோரு மணிக்கு மேல் வேலை செய்வதில்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். தலைவிக்கு நிம்மதியாக இருந்ததாம். இயல்பான பணியாளர் என்று குறித்துக்கொண்டார்.

என் முறை வந்தது. குடும்பம் துறைமுகத்தில், ஐந்து வருடம் எழுதியும் போய்ச் சேர முடியவில்லை என்றேன், எழுதிக்கொண்டார். சம்பளம் ஏறவில்லை என்றேன், எழுதிக்கொண்டார். சோதனை நோட்டைப் புரட்டினார். ஒரு நாள் விடாமல், ஒரு குழாய் விடாமல் எழுதியிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடும்பம் வேற ஊர்ல. சம்பளம் ஏறல. வேலையை விட்டும் போகல, வேலையையும் ஒழுங்கா செய்யறீங்க. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

தண்ணீர் குடிக்கிறார்களே மேடம் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அன்று மாலையே என்னைக் கண்காணிக்க ஒரு ஆள் வந்து சேர்ந்தார்.

கண்காணிப்பாளர் ஒரு ஸ்கூட்டரில் என் சைக்கிளுக்குப் பின்னாலேயே வருவார். நான் குழாயடியில் குனிந்தால் அவரும் குனிவார். எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை சொட்டு விட்டேன், யாரிடமாவது சிரித்தேனா என்று எழுதுவார். மருந்துக் குப்பியை மோந்து பார்த்தார். தண்ணீரை வெளியே விற்கிறேனோ என்று என் பையை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாதது அறிக்கையில் தனிப் பத்தியாக வந்தது.

பிறகு, நான் சோதித்த அதே தண்ணீரை எனக்குத் தெரியாமல் வெளியூர்ச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண்ட அளவும் நான் எழுதிய அளவும் ஒன்றாக இருந்தன. இவ்வளவு பொருந்தி வருகிறது என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று தலைவி நினைத்தார். அந்தச் சோதனைக் கூடத்துக்கும் ஒரு கண்காணிப்பாளர் போனார்.

இதையெல்லாம் பார்த்த மற்ற ஊழியர்கள் உஷாராகிவிட்டார்கள். ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் ஸ்கூட்டர் வரும் என்று தெரிந்துவிட்டது. சரியாகப் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த எங்கள் நிலையத்து எழுத்தர் பதினொன்றரைக்கு வர ஆரம்பித்தார். எனக்கும் பயம்தான். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு குழாயை விட்டுவிட்டு வந்தேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோதித்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் குழுவின் வரைவு அறிக்கை வந்தது. ஆகட்டும் சார் எனக்குப் படிக்கக் கொடுத்தார். அதில் நான் மூன்று பேராக இருந்தேன்.

ஆற்று நிலையம் அனுப்பிய பட்டியலில் ஒருவன். அவனுக்கு மாற்றல் இல்லை, அந்த நிலையத்திலிருந்து சம்பளமும் இல்லை. வேலை மிகச் சிறப்பு. மலை நிலையத்துப் பட்டியலில் ஒருவன். மாதாமாதம் சம்பளம் வாங்குகிறான், ஒரு நாளும் வேலை செய்ததில்லை. துறைமுக நிலையத்துப் பட்டியலில் ஒருவன். கேட்ட மாற்றல் கிடைத்தது, கிடைத்த நாளிலிருந்து ஆளைக் காணோம். நிலையத்துக்கு நிலையம் பணி எண் வேறு என்பதால் மூன்றும் மூன்று எண். பெயர் மட்டும் ஒன்று.

இந்த மூவரையும் வைத்துக் குழு கண்டுபிடித்தது இதுதான். சம்பளம் கொடுத்தால் வேலை கெடுகிறது. மாற்றல் கொடுத்தால் ஆளே காணாமல் போகிறான். இரண்டையும் கொடுக்காமல் இருந்தால் பணியாளர் பொன்னாக வேலை செய்கிறார். ஆகவே முதலாமவருக்கு முன்மாதிரிப் பணியாளர் விருது, இரண்டாமவர் மீது ரகசிய விசாரணை, மூன்றாமவர் பணி நீக்கம்.

 விருதாவது மண்ணாங்கட்டியாவது, அந்த மூன்றாமவன்தான் எனக்கு வேண்டியவன். அவன் போனால் துறைமுகப் பதவி போய்விடும். ஐந்து வருடம் எழுதி வாங்கியது. நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்த் தலைவியின் முன்னால் நின்றேன்.

"அந்த மூணு பேரும் நான்தான் மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "உங்களை மாதிரி நல்லவங்களுக்கு இதுதான் பலவீனம். கூட வேலை செய்யறவங்க பழியை எல்லாம் தன் தலைல போட்டுக்கறது. அவங்க ரெண்டு பேரும் எவ்வளவு கொடுத்தாங்க?"

பெயர் ஒன்றாக இருக்கிறதே என்றேன். அது பலர் வைக்கிற பெயர்தான் என்றார். உத்தரவுகளின் நகலைக் காட்டினேன். ஒரு ஆளைத் துறைமுகத்துக்கு மாற்றி, ஆற்றில் வேலை வாங்கி, மலையிலிருந்து சம்பளம் கொடுக்கிற அளவுக்கு இந்தத் துறை கேவலமாக நடந்துகொள்ளும் என்று நான் சொல்வது அவரைப் புண்படுத்துவதாகச் சொன்னார். அந்த உத்தரவுகளின் அடியில் இருந்தது அவருடைய கையெழுத்துதான். அதைச் சுட்டிக்காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தால் பசை நடையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மலைச் சம்பளம் எனக்குத்தான் வருகிறது என்று தயவு செய்து இனி எங்கேயும் சொல்லிவிட வேண்டாம் என்றார். சொன்னால் அவர் வேலை போகும், என் சம்பளம் நிற்கும், கூடவே இதுவரை வாங்கியதையும் பிடிப்பார்கள். எனக்கு நல்லது செய்யப் போய் மாட்டிக்கொண்ட மனுஷன். வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து மனைவி போன் செய்தாள். காணாமல் போனவனின் வீட்டு முகவரி என்று கோப்பில் இருந்தது எங்கள் வீடுதானே, நோட்டீஸை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'மேற்படி நபர் காணாமல் போய்விட்டதாகத் தெரிவதால், வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குத் துறைமுக நிலையத்தில் நேரில் வந்து விளக்கம் தரவும். வரத் தவறினால் நீக்கப்படுவார்.' மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறாள். அவள் படித்த முதல் முழு வாக்கியமே அதுதானாம். படித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள் என்று போனை அவளிடம் கொடுத்தாள்.

"அப்பா, நீங்க தொலைஞ்சு போயிட்டீங்களா?"

"இல்லடா செல்லம், நான் இங்கதான் இருக்கேன்."

"இங்கன்னா எங்க?"

 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நோட்டீஸை நினைத்துப் பார்க்கப் பார்க்க ஒரு நம்பிக்கை பிறந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், போய் நின்றால் போதும். காணாமல் போனவன் கிடைத்துவிட்டான், இனி அவன் துறைமுகத்திலேயே வேலை செய்யட்டும் என்று எழுதிவிடுவார்கள். ஆகட்டும் சாரிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். திங்கட்கிழமைதான் விருது விழாவாம். முன்மாதிரிப் பணியாளர் விடுப்பு எடுத்தால் அவர் எப்படி முன்மாதிரி? இருந்தும் கெஞ்சினேன். 'ஆகட்டும்' என்றார். அப்படியென்றால் கிடையாது என்று அர்த்தம். ஞாயிறு காலையில் கண்காணிப்பாளர் எழுந்திருக்கும் முன்பே பேருந்து ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டை அடைந்தபோது மகள் கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஓடி, அப்பா கிடைச்சுட்டார், அப்பா கிடைச்சுட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு என் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை. நான் அழுதேன். மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கள் காலை பத்து மணிக்குத் துறைமுக நிலையத்தில் விசாரணை அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். நரைத்த மீசை, சலித்துப்போன கண்கள்.

"யாரு நீங்க?"

"காணாம போனவன் சார். நேர்ல வரச் சொல்லியிருந்தீங்க."

அவர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த விசாரணை நடத்தறேன். காணாம போனவங்க யாரும் வந்ததில்ல. வந்தா அவங்க காணாம போனவங்களே இல்ல. அப்ப நீங்க யாரு?"

அடையாள அட்டையைக் கொடுத்தேன். அது ஆற்று நிலையத்து அட்டை. அதைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆள்தானே இன்று மேடையில் விருது வாங்குகிறார் என்று சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். இருவரும் ஒரே ஆள்தான் என்றேன். உடனே ஆற்று நிலையத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். ஆகட்டும் சார்தான் எடுத்தார். பின்னால் விழா நடக்கிற சத்தம் கேட்டது. முன்மாதிரியார் அங்கே இருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். அன்றைக்கென்று பார்த்து ஆகட்டும் சாருக்கு வேறு வார்த்தை வந்துவிட்டது.

"இங்கதான் சார் இருக்கார். இப்பதான் விருது வாங்கினார். கைதட்டல் கேக்குதுங்களா?"

எனக்குக் கேட்டது. விருது வாங்க ஆள் வராவிட்டால் அவர் பாடு திண்டாட்டம், என் சார்பில் தானே போய் வாங்கியிருப்பார். நான் பேச வாயெடுத்தேன். அதிகாரி போனை வைத்துவிட்டார். காணாமல் போனவன் தனக்குப் பதிலாக ஆள் வைத்து நடிக்க விடுகிறான், அதுவும் முன்மாதிரிப் பணியாளரின் அட்டையைத் திருடிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று குறிப்பில் எழுதினார். உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, போலீசுக்குச் சொல்லாமல் விடுகிறேன் என்றார்.

காணாமல் போனவர் வரவில்லை என்று எழுதி முடித்ததும் ஒரு சிக்கல் வந்தது. அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லை. தாளை என் பக்கம் திருப்பினார். நானும் ஓய்ந்துபோயிருந்தேன். நான் வரவில்லை என்பதற்கு நானே சாட்சியாக, என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டேன். அவர் மை காயும்படி ஊதிவிட்டுக் கோப்பைக் கட்டினார்.

அங்கிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. மகள் வாசலில் காத்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஆற்று நிலையத்தில் நான் இல்லாதது தெரிந்துவிடும், வேறு ஆளைப் போடுவார்கள், என்னையும் அங்கிருந்து நீக்குவார்கள், நானும் இங்கேயே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம்.

யாருக்கும் தெரியவில்லை. விருது வாங்கியவருக்கு எதற்குக் கண்காணிப்பு என்று ஸ்கூட்டர்காரரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்களாம். ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. மகளைப் பள்ளியில் விட்டேன், கூட்டி வந்தேன், அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். மலை நிலையத்துச் சம்பளம் வழக்கம்போல வங்கியில் விழுந்தது. ரகசிய விசாரணை ரகசியமாகவே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நான்காம் வாரம் பசை போன் செய்தார். மோட்டார் அண்ணன் வேலையை விட்டுவிட்டாராம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போட்டு நிறுத்த இதைவிட அதிகச் சம்பளம் தருகிறார்களாம். அப்படியானால் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான்" என்றார் பசை. "ஆகட்டும் சார் போன வருஷ நோட்டைப் பார்த்து உங்க பேர்ல எழுதி அனுப்பறார். சும்மா சொல்லக்கூடாது, நீங்க இருந்தப்பகூட ரிப்போர்ட் இவ்வளவு அழகா வந்ததில்ல."

அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. எட்டுக் குழாயும் கண் முன்னால் வந்து நின்றன. மேற்படி குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஆற்று நிலையத்தில் தண்ணீர் சோதிக்க யாரும் இல்லை, அறிக்கைகள் பொய், உடனே ஆள் அனுப்புங்கள், நடந்ததற்கு எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன் என்று எழுதி, என் பெயரும் முகவரியும் போட்டு அனுப்பினேன்.

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் துறையில் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை. 'துறையில் இல்லாதவருக்கு விதிவிலக்காக எழுதுவது: தங்கள் புகார் குறித்து முன்மாதிரிப் பணியாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தான் அன்றாடம் பணியில் இருப்பதாக அவர் எழுத்துமூலம் உறுதி அளித்துள்ளார். பணியிலிருந்து நீக்கப்பட்ட தாங்கள், சிறப்பாகப் பணியாற்றும் ஒருவர் மீது பொறாமையால் அவதூறு பரப்புவதாகக் குழு கருதுகிறது. இனியும் அவரைத் தொந்தரவு செய்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

மழைக்காலம் வந்தது. ஆறு கலங்கினால் குளோரின் கூட வேண்டும், அது எனக்குத் தெரியும். மோட்டார் அண்ணனுக்குத் தெரியும். அங்கே இப்போது வேறு யாருக்கும் தெரியாது. ஒரு காலை செய்தித்தாளைப் பிரித்தால் ஆற்று ஊரில் நூற்றுப்பத்துப் பேர் வயிற்றுப்போக்கில் மருத்துவமனையில் கிடக்கிறார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். தலைவி கொடுத்த பேட்டியும் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் முன்மாதிரிப் பணியாளர் தினமும் சோதிக்கிற தண்ணீர் அது, தண்ணீரில் குறை இருக்க வாய்ப்பே இல்லை, ஊர் மக்களின் வயிற்றில் என்ன குறை என்று கண்டறிய ஒரு குழு அமைத்திருக்கிறோம்.

மனைவி என் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள்.  உள்ளே போய் என் பையை எடுத்து வந்தாள். சோதனைக் குழாயும் மருந்துக் குப்பியும் அதில் அப்படியே இருந்தன. அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"போங்க. நான் வார்டுல பார்க்கறேன், இந்த வயசுக் குழந்தைங்க ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க."

கிடைத்த பேருந்தைப் பிடித்துப் போனேன். ஆற்று நிலையத்தின் வாசலில் புதிய காவலாளி இருந்தார். யார் என்று கேட்டார். இங்கே தண்ணீர் சோதிப்பவன் என்றேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். காலை ஆறு மணிக்கு என் பெயரில் கையெழுத்து இருந்தது.

"அவர் உள்ள வேலையா இருக்கார். நான் சேர்ந்ததுல இருந்து அவரை வெளிய பார்த்ததே இல்ல, அப்படி உழைக்கற மனுஷன். தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்.

அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவுக்கு ஓடினேன். குழாயடியில் ஏழெட்டுப் பேர் குடங்களோடு நின்றார்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சளின் சாயல்கூட இல்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன், வரவில்லை. இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தண்ணீர் நன்றாக இருப்பதாகக் காலையில்தான் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் முன்னால் வந்து, அதைச் சொல்ல நீ யார், துறையிலிருந்து வருகிறாயா என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மூன்று பேரில் யாரைச் சொல்வது என்று ஒரு நிமிடம் நின்றேன்.

"இல்லம்மா. என்னைத் துறைல இருந்து நீக்கிட்டாங்க" என்றேன்.

"நீக்கிட்டாங்களா?" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப சொல்றது நிஜமாத்தான் இருக்கும்."

குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கவிழ்க்கத் தொடங்கினார்கள்.